பூவாத்தாள் கட்டிய பல்

ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு கண்ணில்தான் பார்வை உள்ளது. அந்தக் கண்ணுக்கு நேர் கீழே இருக்கிற மேல்பல் கெட்டுப்போய்விட்டது. பல்லைப் பிடுங்கினால் கண்ணும் போய்விடும் என்று ஊரே சொல்கிறது. அவள் என்ன செய்ய வேண்டும்?

எங்கள் தெருப் பூவாத்தாள் இதைக் கேட்டபோது நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இராசிபுரத்துத் தெருக்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "படிச்ச புள்ள, நீ சொல்லு சாமி" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு நடந்ததை அவளும் அவள் புருஷனும் சொல்லக் கேட்டு, யாருக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

பூவாத்தாள் பிறந்தது பனமரத்துப்பட்டியில். நடக்கப் பழகிய வயதில் அம்மை வந்து இடது கண்ணைக் கொண்டுபோயிற்று. ஊர்ப் பிள்ளைகள் அவளை ஒத்தக்கண்ணி என்றார்கள். அதற்கு அவள் அழுததில்லை. ஆனால் புழுதிக் காற்று அடித்தால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவாள். அடுப்பு ஊதும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இருக்கிற ஒன்றும் போய்விடுமோ என்ற பயம் அவளோடு கூடவே வளர்ந்தது.

இராசிபுரத்து நெசவுக்காரர் சென்னிமலை என்பவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று தீரும் சமயத்தில், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் பட்டு இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிணைக்க வேண்டும். இரண்டு கண் இருக்கிறவர்களே அந்த வேலையில் திணறுவார்கள். பூவாத்தாள் பிணைத்தால் இழை அறாது, மாறாது. மிச்சமிருக்கும் நூல் நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த இழைக்குப் போவாள். கத்தரி எடுக்கிற நேரத்தில் நாலு இழை பிணைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. கடித்துக் கடித்து முன்பல் ஒன்றின் ஓரத்தில் அரம் போட்டதுபோல் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

கயிற்று முடிச்சையும் அவள் பல்லாலேதான் அவிழ்ப்பாள். ஒருநாள் பாவுச் சுருளைக் கட்டியிருந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. வலப்பக்கத்து மேல் கோரைப்பல்லில் கொடுத்து இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை. பல்தான் குறுக்கே உடைந்தது.

முதலில் வலி பெரிதாக இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் சுரீர் என்றது. சில மாதங்களில் அந்தச் சுரீரும் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தாள். பல் மெல்லக் கறுத்தது. அப்புறம் அசைய ஆரம்பித்தது. ஈறில் ஒரு கொப்புளம் வருவதும், உடைந்து உப்புக் கரிப்பதும், மறுபடி வருவதுமாக இருந்தது. கிராம்பு வைத்தாள், புகையிலை அடக்கினாள், கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தாள். சோற்றை விட்டுவிட்டுக் களியே போதும் என்றாள். களி என்றால் மெல்லாமல் விழுங்கலாம். சிரிக்கும்போது முந்தானை தானாக வாய்க்குப் போயிற்று.

"சந்தையில பல்லுப் பிடுங்கறவன் வந்திருக்கறான். வாரியா?" என்று சென்னிமலை ஒருநாள் கேட்டார்.

பக்கத்து வீட்டு மாரக்காள் அப்போது அங்கேதான் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்திவிட்டாள்.

"ஏனுங் மாப்ள, உங்களுக்கு மூளை கீளை இருக்குதுங்களா? மேல்பல்லு நரம்பு நேராக் கண்ணுக்குப் போவுது. புதுச்சத்திரத்துல என்ற நாத்தனா ஊட்டுக்குப் பக்கத்துல நல்லம்மாள்னு ஒருத்தி. பல்லு வலின்னு மொகம் பூசணிக்காயாட்ட வீங்கி, அரை மாசம் கெடையாக் கெடந்தா. பொறவு பிடுங்குனாங்க. பிடுங்குனாங்க, கண்ணு போச்சு!"

"நெசமாவாக்கா?" என்றாள் பூவாத்தாள்.

"நானென்ன பொய்யா சொல்றேன்? அவளுக்காவது இன்னொரு கண்ணு மிச்சம் இருந்துச்சு அம்மிணி. உனக்கு?"

அதற்குப் பிறகு சென்னிமலை பல்லைப் பற்றி வாயெடுத்தாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். காலையில் விழித்ததும் முதல் வேலையாகக் கூரை ஓடுகளைப் பார்ப்பாள். ஓடு தெரிந்தால்தான் மூச்சு விடுவாள்.

இப்படியிருக்கும்போது சென்னிமலை பட்டு நூல் வாங்கச் சேலம் போனார். செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு மாடிச் சுவரில் போர்டு தொங்கியது. எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொன்னார்.

"பூவா, சேலத்துல பல்லுக் கட்டுறாங்களாமா. போர்டு போட்டிருக்குது. 'இங்கே பல் கட்டப்படும்'னு."

"கட்டுறதுன்னா? பிடுங்கறது இல்லீங்களா?"

"பிடுங்கறதுன்னு எழுதலியே. கட்டறதுன்னுதான் எழுதியிருக்குது."

"எதை வெச்சுங்க கட்டுவாங்க?"

"அதெல்லாம் போர்டுல போடுவாங்களா?" என்று சொல்லிவிட்டு அவர் தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

பூவாத்தாள் யோசித்தாள். அசைகிற பல்லைக் கட்டி நிறுத்தலாம் என்றால் பிடுங்க வேண்டியதில்லை. கண்ணுக்கும் ஆபத்தில்லை. கட்டுவதற்குச் சேலம் எதற்கு? இந்தத் தெருவில் அவளைவிட நன்றாக முடிச்சுப் போடத் தெரிந்தவர் யார்? மறுநாள் சென்னிமலை வெளியே போன நேரத்தில் கண்ணாடியைச் சாளரத்தில் சாய்த்து வைத்தாள். நல்ல முறுக்குப் பட்டு இழையாக எடுத்து, அசைகிற கோரைப்பல்லைச் சுற்றி, பக்கத்தில் கெட்டியாக நின்ற, அந்தப் பள்ளம் விழுந்த முன்பல்லோடு சேர்த்து இழுத்துக் கட்டினாள். நெசவுக்காரி போட்ட முடிச்சு. அவிழாது. பல் அசையாமல் நின்றது. வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் முந்தானை இல்லாமல் சிரித்தாள்.

இழை மெல்ல ஈறுக்குள் இறங்கியது. சீழ் வெளியே வடிந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. கன்னம் கனத்தது. உதட்டோரம் உப்பி, மூக்கோரம் ஏறி, மேலே மேலே வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிடுங்கச் சொல்வார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அவள் விழித்தபோது இருட்டாக இருந்தது.

இன்னும் விடியவில்லை என்று அசையாமல் கிடந்தாள். எங்கேயோ தறி ஓடுகிற சத்தம் கேட்டது. இந்த இருட்டில் யார் தறி ஓட்டுகிறார்கள்? காக்காய் கத்தியது. தெருவில் பால்காரன் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு போனான். அப்போது அவளுடைய இடது கை சுட்டது. கதவைத் திறந்து வைத்தால் காலை வெயில் விழும் இடம் அது. கையில் வெயில் விழுந்திருக்கிறது. ஆனால் கண்ணில் இருட்டு.

"ஏனுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. "என்ற கண்ணு போச்சுங்க! போச்சுங்க!"

சென்னிமலை ஓடி வந்தார். அவள் முகத்தின் வலப்பக்கம் உருண்டு திரண்டு, கண் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும்தான் இருந்தது. இரண்டு விரலால் இமையை மெல்லப் பிரித்தார்.

"தெரியுதா பூவா? ஏதாச்சும் தெரியுதா?"

அவள் கண்ணை அங்கேயும் இங்கேயும் உருட்டினாள்.

"தெரியுதுங்க" என்றாள். "உங்க மூக்கு தெரியுது. பெருசாத் தெரியுது."

"அது பெருசுதான் புள்ள" என்றார் அவர். சொல்லிக்கொண்டே அழுதார்.

மாரக்காள் மந்திரிக்க ஆள் கூப்பிடலாம் என்றாள். சென்னிமலை கேட்கவில்லை. அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினார். பஸ் நிற்கும்போதெல்லாம் அவள் அவர் கையைச் சுரண்டினாள். "சித்தெ திறந்து பாருங்க." அவர் இமையைப் பிரிப்பார். அவள் "தெரியுது" என்பாள். பஸ் கிளம்பும். மல்லூரில் ஏறிய ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பொண்டாட்டி கண்ணுல தூசியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் சென்னிமலை. "கண்ணு இருக்குதான்னு பாத்துட்டுப் போறோம்."

போர்டு தொங்கிய மாடியில் பல் டாக்டர் உபகாரசாமி இருந்தார். சுவரில் சிலுவை. அதன் கீழே அவருக்கு உதவியாக இருந்த இசபெல்லாம்மா கொதிக்கிற தண்ணீரில் இடுக்கிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இடுக்கிச் சத்தம் கேட்டதும் பூவாத்தாள் மாடிப்படிப் பக்கம் திரும்பிவிட்டாள். சென்னிமலை பிடித்து உட்கார வைத்தார்.

டாக்டர் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்னம்மா, நூலு? யாரு கட்டினது?"

"நாந்தானுங்க."

"எதுக்கும்மா?"

"நீங்க பல்லுக் கட்டுறீங்கன்னு போர்டுல போட்டிருந்துச்சுங்க. அதான், எனக்கே கட்டத் தெரியுமேன்னு…"

இசபெல்லாம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"அம்மா, அது நூலால கட்டுற கட்டு இல்லை. வீடு கட்டுறோம் பாருங்க, அந்தக் கட்டு. இல்லாத பல்லு இருந்த இடத்துல புதுசாப் பல்லு செஞ்சு வைக்கிறதைத்தான் பல் கட்டுறதுன்னு எழுதியிருக்கோம்."

"ஊடு கட்டுற கட்டுங்களா!" என்று பூவாத்தாள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அவள் அவமானப்பட்டாளா, பயந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று அவர் பல்லைப் பிடுங்கவில்லை. இழையை வெட்டி எடுத்தார். மேலுதட்டுக்கு உள்ளே சின்னதாகக் கீறிச் சீழை வடித்தார். பென்சிலின் ஊசி போட்டுவிட்டு, மீதி ஊசிகளை இராசிபுரத்திலேயே போட்டுக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

"இதோட தப்பிச்சோம்னு வீட்டுல இருந்துடாதீங்க" என்றார். "அந்தப் பல்லோட வேர் செத்துப்போச்சு. சுத்தியிருக்கிற எலும்பும் கரைஞ்சுபோச்சு. அது உள்ளே இருக்கிற வரைக்கும் சீழ் மறுபடி கட்டும். வீக்கம் வத்தினதும் வாங்க. எடுத்துடணும்."

"எடுத்தா கண்ணு போயிருமுங்களே?"

"எடுத்தா போகாது. எடுக்காம விட்டா, இன்னிக்கு வந்த வீக்கம் இன்னும் உள்ளே போகும். எனக்கு அந்தப் பயம்தான்."

டாக்டருக்கே பயம் என்று கேட்டதும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

சில நாளில் வீக்கம் வற்றியது. கண் முழுதாகத் திறந்தது. கூரை ஓடு பழையபடி தெரிந்தது. வலியும் இல்லை. இனி எதற்குப் போக வேண்டும் என்ற எண்ணம் மெல்லத் தலை தூக்கியது. சென்னிமலை கேட்டால், "ஆடி போகட்டுமுங்க" என்றாள். ஆடி போனதும், "பாவு ஒண்ணு பிணைக்க வேண்டியிருக்குது" என்றாள்.

ஒருநாள் இழை பிணைத்துக்கொண்டிருக்கும்போது வாயில் உப்புக் கரித்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். கொப்புளம் மறுபடி வந்திருந்தது. அவள் கையிலிருந்த இழை நழுவியது. கையில் வெயில் சுட்டபோது கண்ணில் இருந்த இருட்டு ஞாபகத்துக்கு வந்தது.

எழுந்து மாரக்காள் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, அந்தப் புதுச்சத்திரத்து நல்லம்மாளுக்கு மொகம் எப்ப வீங்குச்சு?"

"அதான் சொன்னனே. பிடுங்கறதுக்கு அரை மாசம் முன்னாடியே."

"வீங்குனப்ப கண்ணு திறந்திருந்துச்சா?"

"எங்க திறந்துச்சு? உனக்காட்டத்தான், மூடிப்போச்சு."

"அப்ப பிடுங்கறதுக்கு முன்னால யாராச்சும் இமையைப் பிரிச்சுப் பாத்தாங்களா? பார்வை இருந்துச்சா?"

மாரக்காள் ராட்டையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அது எனக்கென்னடி தெரியும்? நானென்ன அவ கண்ணுக்குள்ளயா குடியிருந்தேன்?"

பூவாத்தாள் வீட்டுக்கு வந்தாள். நல்லம்மாளின் கண்ணைக் கொண்டுபோனது பல் பிடுங்கின கையா, காத்துக் கிடந்த அந்த அரை மாசமா? யாருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பயம் போகவில்லை. ஆனால் இப்போது பயம் இரண்டு பக்கமும் இருந்தது. போனாலும் பயம், போகாவிட்டாலும் பயம். அப்படியானால் போய்விடலாம் என்று முடிவு செய்தாள். புறப்படும்போது ஒரு தையல் ஊசியையும் பட்டு நூலையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சேலத்தில் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா அது?" என்றார் இசபெல்லாம்மா.

"ஊசிங்க."

"நல்லாயிருக்கே! ஊசி நாங்கதானே போடணும். நீங்க கொண்டுவந்துட்டீங்களா?"

"இப்ப ஒருக்காக் கோத்துப் பாத்துக்கறனுங்க. பிடுங்கினதும் ஒருக்காக் கோப்பேன். அப்பத்தான் கண்ணு இருக்குதுன்னு நம்புவேன்."

டாக்டர் காத்திருந்தார். அவள் நூலைக் கோத்து, அவருக்குக் காட்டி, மறுபடி உருவிவிட்டாள்.

மரத்துப்போகிற ஊசி ஈறில் இறங்கியது. உதடு தடித்தது, மூக்கோரம் தடித்தது. பிறகு கீழ் இமையும் இல்லாததுபோல் ஆயிற்று. அவள் நாற்காலியிலிருந்து துள்ளினாள்.

"ஐயோ, கண்ணு மரத்துப் போச்சுங்க!"

"தோல்தான் மரத்திருக்கு. பார்வைக்கு ஒண்ணும் ஆகலை. மருந்து அங்கே வரைக்கும் எட்டும், அப்புறம் தெளிஞ்சுடும். என் கையைப் பாருங்க, விரல் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அப்ப கண்ணை மூடிக்கங்க. நான் ஆரம்பிக்கிறேன்."

"மூட மாட்டனுங்க" என்றாள். "மூடினாத் திறக்குமோ என்னமோ."

கண்ணைத் திறந்தபடியே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மின்சாரக் கம்பியில் அறுந்த காற்றாடி ஒன்று சிக்கியிருந்தது. அதன் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுக்கி உள்ளே போனது. எலும்புக்குள் ஏதோ நறநறவென்றது. தலையே ஒரு பக்கம் இழுபடுவதுபோல் இருந்தது. சென்னிமலை வாசலுக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். காற்றாடி வால் ஆடுகிறது. தெரிகிறது. இன்னும் தெரிகிறது. திடீரென்று அது கலங்கி, கரைந்து, மறைந்துவிட்டது.

தட்டில் 'டிணுக்' என்று சத்தம் கேட்டது. "வந்தாச்சு" என்றார் டாக்டர்.

பூவாத்தாளுக்கு வாயில் பஞ்சு. பேச முடியவில்லை. எதிரில் எல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் இருந்தது. ஊசியைத் தூக்கினாள். நூலைக் கொண்டுபோனாள். தவறியது. மறுபடி கொண்டுபோனாள், மறுபடி தவறியது. அவள் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. போயிற்று, அவ்வளவுதான், போயிற்று.

இசபெல்லாம்மா குனிந்து, துணியால் அவள் கண்ணை ஒற்றி எடுத்தார்.

"அழுதுக்கிட்டே கோத்தா யாருக்கும்மா நுழையும்? இப்பப் பாருங்க."

நூல் ஊசிக் காதில் நுழைந்தது. பூவாத்தாள் அதை இழுத்து, இரண்டு நுனியையும் சேர்த்து, பழக்கதோஷத்தில் ஒரு முடிச்சும் போட்டாள். வாசலில் நின்ற சென்னிமலையைக் கூப்பிட வாய் வரவில்லை. ஊசியைத் தூக்கி அந்தப் பக்கமாக ஆட்டிக் காட்டினாள்.

ஈறு ஆறிய பிறகு மறுபடி போனார்கள். பள்ளம் விழுந்த முன்பல்லையும் கட்ட வேண்டுமா என்று அவள் கேட்டாள். டாக்டர் தட்டிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார். "இதோட வேர் கெட்டியா இருக்கு. நீங்க நூல் போட்டு இழுத்தும் பிழைச்சுக்கிச்சு. கெட்ட பல்லுக்கெல்லாம் புதுப்பல் கட்டணும்னு இல்லை. கொஞ்சமாச் சொத்தைன்னா அடைக்கலாம். மேலே உடைஞ்சு வேர் நல்லா இருந்தா, குல்லா மாதிரி ஒண்ணு மாட்டலாம். வேரே போய் எடுத்த இடத்துலதான் கட்டணும்."

"சந்து அப்படியே கெடந்தா என்னுங்க?"

"பக்கத்துப் பல்லு அந்தச் சந்துல சாயும். எதிர்ப்பல்லு நீண்டு வரும். கடிக்கிறது கோணலாகும்."

"பாவுல இழை போன எடத்துல பக்கத்து இழையெல்லாம் நெகிழ்ற மாதிரியுங்களா?"

"எனக்குத் தறி தெரியாதும்மா" என்று டாக்டர் சிரித்தார். "ஆனா அப்படித்தான் போலிருக்கு."

மெழுகில் அச்சு எடுத்தார்கள். ரோஸ் நிறத் தகட்டில் ஒரு பல் வைத்துச் செய்து கொடுத்தார்கள். கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும். முதல் வாரம் வாய்க்குள் யாரோ குடிவந்ததுபோல் இருந்தது என்றாள். இரண்டு தடவை போய்த் தேய்த்துச் சரிசெய்துகொண்டு வந்தாள். நூல் கடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சென்னிமலை ஒரு சின்னக் கத்தரியைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டினார். "தாலிக்கு அடுத்து இதுதான்" என்றார். இப்போது அவள் களியும் சாப்பிடுகிறாள், சோறும் சாப்பிடுகிறாள். ஆனால் இன்றைக்கும் விழித்ததும் முதலில் கூரை ஓட்டைத்தான் பார்க்கிறாள். அந்தப் பயம் போகாது போலிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேல்பல்லைத் தொட்டால் கண் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு, வீங்கின கன்னத்தை முந்தானையால் மறைத்து யாராவது உங்கள் தெருவில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்க நேரமில்லை என்றால் பூவாத்தாள் ஊசி கோத்ததை மட்டுமாவது சொல்லுங்கள். புதுச்சத்திரம் பக்கம் போகிறவர்கள் அங்கேயும் சொல்லிவிட்டு வாருங்கள்.